பாத்திரச் சத்தத்தோடு ஒரு பாட்டு

நவம்பர் 18

கர்த்தருக்குள் அன்பான அண்ணிக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிழிபடாமல் திறக்கப்பட வேண்டும் என்று ஜெபித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் போனில் என் நம்பரையும் உங்கள் தம்பி நம்பரையும் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. விலாசத்தைத் தையல்கார அக்காவிடம்தான் வாங்கினேன். அவர்களைக் கோபிக்காதீர்கள். நான் அழுததைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது வந்தது. பேனா நழுவி விழுந்தது தெரியாமல் வெறும் விரலால் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாராம். பக்கத்து மேசைக்காரர், "சார், பேனா கீழ கிடக்கு" என்று சொன்னபோது நிமிர்ந்திருக்கிறார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததாம். வலது பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் அசைகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சாப்பிட மறுத்தார். "விழுங்க முடியுது. விழுங்கத்தான் மனசில்லை" என்றார் சின்ன டாக்டரம்மா. கரண்டியைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்வார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், வேதம் வாசித்தேன். என்ன செய்தாலும் பூட்டின வாய் பூட்டினபடிதான்.

ஒரு நாள் கரண்ட் பில் செய்தியைத் தேடி அவர் போனைத் துழாவியபோது எதிலோ விரல் பட்டுவிட்டது. அதிலிருந்து உங்கள் குரல் வந்தது, அண்ணி. கிறிஸ்மஸுக்கு நீங்கள் தனியாகப் பாடுவீர்களே, நம் வீட்டில் 'தொழுவத்துப் பாட்டு' என்போமே, அந்தப் பாட்டு. வாத்தியம் ஒன்றும் இல்லை. பின்னால் குழாய்த் தண்ணீரும் பாத்திரச் சத்தமும். என் கைக் கரண்டி அவர் உதட்டருகே இருந்தது. அவர் வாய் திறந்தது. அன்று அரைக் கிண்ணம் உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் ஊட்டினேன். நீங்கள் என்னைக் கணக்குப்பிள்ளை என்று கேலி செய்வீர்களே, அந்தப் பால் கணக்கு நோட்டில் பக்கத்திலேயே கஞ்சிக் கணக்கும் எழுதி வந்தேன். அவர் கன்னத்தில் சதை வைக்கத் தொடங்கியது.

அப்புறம்தான் நான் புத்தி கெட்டுப் போனேன். பாத்திரச் சத்தம் இல்லாமல் குரல் மட்டும் சுத்தமாகக் கேட்டால் இன்னும் நன்றாகச் சாப்பிடுவார் என்று நினைத்தேன். கரி பிடித்த பாத்திரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே எனக்கு. ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் கொடுத்தேன். அவர் பிரியமாக உழைத்து, சத்தத்தை எடுத்து, இருமலை எடுத்து, சுருதியை நேராக்கி, வயலினும் மணியோசையும் சேர்த்துக் கொடுத்தார். சபையில் எல்லோரும் "யாரு இந்தப் பொண்ணு, தேவதை மாதிரி பாடுதே" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரே பொருள் வீட்டில் இரண்டு கிடந்தால் எனக்குப் பொறுக்காது, உங்களுக்குத் தெரியும். புதுசு வந்ததே என்று பழையதைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். அந்தக் கீபோர்டுத் தம்பியும் தன் பழைய பிரதியின் மேலேயே புதியதைப் பதிந்து வைத்திருக்கிறார்.

உங்கள் தம்பி புதியதைக் கேட்டார். முதல் வரியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டார். இடது கையால் போனைத் தட்டிவிட்டார்.

அண்ணி, அந்தப் பாட்டை ஒரு தடவை பாடி அனுப்புங்கள். போனில் பதிந்து சின்ன மெமரி கார்டில் போட்டு உறையில் வைத்தால் போதும். வேறு எதுவும் கேட்க எனக்கு வாயில்லை.

உங்கள் காலடியில் நிற்கும்,
தம்பி மனைவி

*

நவம்பர் 23

கணக்குப்பிள்ளைக்கு,

கடிதம் கிழியவில்லை. உன் ஜெபம் அந்த மட்டில் பலித்தது. அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

அவனுக்கு இப்படி ஆனதில் என் மனசு குளிர்ந்துபோயிற்று என்று நினைத்துவிடாதே. உன் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துத்தான் படித்தேன். நான் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மெஷின்கள் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் அழுதால்கூடத் தெரியாது. ரொம்ப வசதியான இடம்.

ஆனால் பாட்டா? என்னிடமா கேட்கிறாய்?

அந்தச் சனிக்கிழமை ஒத்திகையில் நீ கடைசி பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தாய்? ஆலயத்தில் பாடுகிற கொயர் முழுக்க நிற்கிறது. நான் இரண்டாவது வரிக்குக்கூட வரவில்லை. என் தம்பி, நான் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பின என் தம்பி, கொயரை நடத்துகிறவன், கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்ன சொன்னான்? "அக்கா, உங்க சுருதி கீழ போகுது. வயசாயிடுச்சு, உக்காருங்க." அச்சுத்தாளில் தப்பு எழுத்தைச் சுழிப்பானே, அப்படி என்னைச் சுழித்துவிட்டு, அந்தப் பாட்டைப் புதிதாக வந்த டீச்சரிடம் கொடுத்தான். ஒரு பெண்ணாவது "ஐயோ பாவம்" என்றாளா? சின்னவள் ஒருத்தி சிரித்தாள். அவளைக்கூட மன்னித்துவிட்டேன்.

அன்றையிலிருந்து நான் வாய்விட்டுப் பாடியதில்லை. யாருக்கும் கேட்காத இந்த இரைச்சலில்கூட முணுமுணுத்ததில்லை. ஆலயத்துப் பக்கமும் போவதில்லை. உனக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த டீச்சருக்குத்தான் சுருதி சுத்தமாயிற்றே. அவளைக் கூட்டிவந்து பாடச் சொல். இல்லை, என் பாட்டுத்தான் வேண்டுமென்றால் அவன் வாயால் ஒரு வார்த்தை கேட்கட்டும். பாடுகிறேன்.

இன்னொன்று. பாத்திரச் சத்தத்தோடு நான் எங்கே பாடினேன், யார் அதைப் பிடித்தது? எனக்குத் தெரிந்து என் குரலை எவனும் பதிவு செய்ததில்லை. நீ எதையாவது இட்டுக்கட்டி எழுதுகிறாயா?

இப்படிக்கு,
சுருதி கெட்டவள்

*

நவம்பர் 27

அன்பான அண்ணிக்கு,

பதில் வந்ததே பெரிது. உறையை வாசலிலேயே நின்று பிரித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த ஒத்திகைக்குப் பிறகு நீங்கள் நம் வீட்டை விட்டுப் போன அன்று காலை. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, எச்சில் பாத்திரத்தை எனக்கு விட்டுப் போக மனசில்லாமல் தேய்க்கப் போனீர்கள். ஒவ்வொன்றையும் ஓங்கி ஓங்கி வைத்தீர்கள். தேய்த்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடினீர்கள். உங்களுக்கே தெரிந்திருக்காது. நான் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் தம்பி சமையலறை வாசலுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார், கையில் போனோடு. "உள்ள போங்களேன், ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று ஜன்னல் வழியாகச் சைகை காட்டினேன். விரலை உதட்டில் வைத்தார். நீங்கள் பாட்டை முடித்து, மூக்கைச் சிந்தி, குழாயை மூடினது வரைக்கும் அதில் இருந்தது.

அப்புறம் தினமும் அச்சகத்துக்குப் போகிற பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு போவார். பிரசங்கம் கேட்கிறார் என்று நினைத்து நான் ஆண்டவருக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன்! மறு வருஷமே கொயரை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "என் காது சரியில்ல" என்றார். காது டாக்டரிடம் போவோம் என்றேன் நான். எனக்கு இருக்கிற அறிவு அவ்வளவுதான்.

நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே டீச்சரைக் கூட்டிவந்தேன். நல்ல மனசுக்காரி, மறுக்காமல் வந்து கட்டில் பக்கத்தில் நின்று பாடினாள். தேன்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் பாடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் மட்டும் கூடப் பாடிற்று.

அவர் வாயால் கேட்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணி, அவர் வாயிலிருந்து வருவது "ஆ" என்ற ஒன்றுதான். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். அதில் எது உங்களுக்கானது என்று நான் எப்படிப் பிரித்துச் சொல்வேன்?

போன வாரம் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். இடது கையால் பிடுங்கி எறிந்தார். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினார், ரத்தம் வந்துவிட்டது. இனிப் போட்டால் அந்தக் கையைக் கட்டிலோடு கட்டித்தான் ஆக வேண்டுமாம். சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். உடம்பில் மிச்சமிருக்கிற ஒரே கை அது. அதைக் கட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருவேன்? கட்ட வேண்டாம் என்றால் பட்டினி.

நேற்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன். "உமக்கு என்ன, ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்கு ஊட்டினவர். எனக்கு ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி" என்று கத்தினேன். பிறகு பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகள் இல்லாத வீடு, அண்ணி. இங்கே அவர் மூச்சு ஒன்றுதான் சத்தம்.

பாடுங்கள். கோபத்தோடு பாடினாலும் சரி.

உங்கள்,
கணக்குப்பிள்ளை

*

டிசம்பர் 2

கணக்குப்பிள்ளைக்கு,

கார்டு இதோடு இருக்கிறது. பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது உதறிவிடாதே.

சுவருக்கு வெளியே நின்றானாமே. நின்றவன் இரண்டு எட்டு உள்ளே வைத்திருந்தால் என்ன? நான் பாத்திரத்தால் அடித்திருப்பேன், அவ்வளவுதானே. அடி வாங்கிக்கொண்டு "போகாதே அக்கா" என்றிருந்தால் பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்திருப்பேன். என் குரலைத் திருடிக்கொண்டான், என்னை விட்டுவிட்டான். இதற்கு நான் அழுவதா சிரிப்பதா என்று இன்னும் தெரியவில்லை.

சரி, பாட்டுக்கு வருகிறேன். சும்மா பாடி அனுப்பவில்லை. என்னோடு மடிப்பு வேலை பார்க்கிற பெண்ணின் அண்ணன் ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறான். அங்கே போய், சுருதிப் பெட்டி வைத்து, சுடுதண்ணீர் குடித்து, வரி வரியாகத் திருப்பித் திருப்பிப் பாடினேன். அந்தப் பையனே, "ஆன்ட்டி, மெஷின்ல திருத்த ஒண்ணுமே இல்ல" என்றான். கேட்டுக்கொள்! இந்த வயதில்.

அவனுக்குப் போட்டுக் காட்டு. பிழை இருந்தால் சுழிக்கட்டும்.

அக்கா

*

டிசம்பர் 6

அன்பான அண்ணிக்கு,

இதை எழுதாமல் தப்பிக்க முடியுமா என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை.

கார்டு பத்திரமாக வந்தது. கஞ்சியை ஆற்றி, அவரைத் தலையணையில் சாய்த்து, உங்கள் அக்கா பாடியனுப்பியிருக்கிறார்கள் என்று காதில் சொல்லிவிட்டுப் போட்டேன். கண் விரிந்தது. நீங்கள் முதல் வரியைப் பாடும்போது தலையைக்கூட நிமிர்த்தப் பார்த்தார். இரண்டாவது வரியில் முகம் வாடியது. மூன்றாவதில் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கரண்டியை நான் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கடைசியில் கஞ்சியைக் கொட்ட மனசில்லாமல் நானே குடித்தேன்.

பாட்டில் குறை இல்லை, அண்ணி. குறையே இல்லை. எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஜெபம் தெரியும். ஆலயத்தில் என்னை எழுப்பி ஜெபிக்கச் சொன்னால், முந்தின நாளே வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு போய் அழகாக ஜெபிப்பேன். போதகர்கூட "ஆமென்" என்று சத்தமாகச் சொல்வார். அந்த ஜெபம் கூரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும், எனக்கே தெரியும். அடுப்படியில் முழங்கால் வலிக்க, "ஐயோ ஆண்டவரே" என்று மட்டும் சொல்கிறேனே, அதுதான் போகிறது.

நீங்கள் தம்பிக்குப் பாடவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பாடியிருக்கிறீர்கள். கொயர் முழுக்க நிற்கிறது, நீங்கள் ஜெயித்துக் காட்டுகிறீர்கள். ஜெயித்தும்விட்டீர்கள். ஆனால் அவருக்குப் பசி, அண்ணி.

இப்படி எழுதுவதற்கு என் விரல் கூசுகிறது. இன்னொரு தடவை கேட்கிறேன். சுருதிப் பெட்டி வேண்டாம். சுடுதண்ணீர் வேண்டாம். கீழே போனால் போகட்டும்.

என்னை அடிக்க வேண்டுமென்றால் வந்து அடியுங்கள். பாத்திரம் நிறைய இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

*

டிசம்பர் 10

ஏய் கணக்கு,

'கெட்டதாகப் பாடு' என்று எனக்குக் கடிதம் எழுதின முதல் ஆள் நீதான். உனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? முன்பெல்லாம் என்னிடம் உப்பு போதுமா என்று கேட்கவே பயப்படுவாயே.

கடிதத்தைக் கசக்கி அழுக்குத் துணிக் கூடையில் போட்டுவிட்டேன். பாடமாட்டேன் என்று அந்தக் கூடையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். பிறகு நானே குனிந்து தேடி எடுத்தேன். நர்ஸ் உடுப்புகளுக்கு நடுவில் கை விட்டுத் துழாவுகிறேன், அந்த மடிப்புக்காரி "என்னக்கா, தங்கமா தொலைஞ்சுது?" என்கிறாள்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

இங்கே துவைத்த விரிப்புகளை அடுக்குகிற அறை ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை நாலு பக்கமும் வெள்ளை மடிப்புகள். அதற்குள் போய்ப் பேசினால் நம் குரல் நமக்கே திரும்பி வராது. துணி குடித்துவிடும். கொஞ்சம் கூட்டிக் காட்டாது, அழகு பண்ணாது. இருக்கிற குரல் இருக்கிறபடி காலடியில் விழும். மெஷின்காரர்கள் டீ குடிக்கப் போன நேரம் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மடிக்காத விரிப்பு ஒரு கூடை இருந்தது. சும்மா நின்று பாட வரவில்லை, அதனால் மடித்துக்கொண்டே பாடினேன்.

'கதவில்லாத கொட்டிலிலே கண் திறந்த செல்லமே' வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று நான் எழுதப் போவதில்லை. கார்டில் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அழித்துவிட்டு மறுபடி பாடலாம் என்று தோன்றியது. உன்னை நினைத்து விட்டுவிட்டேன். அழிக்கிற வேலையை நம் குடும்பத்தில் நீ ஒருத்தி செய்தது போதும்.

இதுதான் என்னிடம் இருப்பது. இதற்கு மேல் கேட்காதே.

அக்கா

*

டிசம்பர் 16

அன்பான அண்ணிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். தபாலை நம்ப நேரமில்லை.

கார்டு வந்த அன்று மதியமே போட்டேன். இந்தத் தடவை காதில் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குப் பயம். துணி உதறுகிற சத்தம் முதலில் வந்தது. பிறகு நீங்கள். மூன்றாவது வரிக்கு வருவதற்குள் வாய் திறந்தது. கரண்டி உள்ளே போயிற்று.

அந்தக் கொட்டில் வரியில் நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். "போடா... உன்னாலதான்டா" என்கிறீர்கள். அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. பதிவு முடிந்துவிட்டதாக்கும் என்று நான் போனை எடுக்கப் போனேன். அவருடைய இடது கை எழும்பி என் கையைத் தட்டிவிட்டது. பிறகு கீழே இறங்காமல் காற்றிலேயே நின்றது. உள்ளங்கை மேல்நோக்கி, யாரையோ எழுந்திருக்கச் சொல்கிற மாதிரி.

அண்ணி, அந்தக் கை கொயர் நடத்தியதை நான் கடைசி பெஞ்சிலிருந்து எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். அது யாருக்காகவும் நின்றதில்லை. தவறினவர்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிற கை. அது இப்போது நின்றது. வலித்திருக்கும், நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பிடித்துக் கீழே வைக்கப் பார்த்தேன், விடவில்லை. நீங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி தொடங்குகிற வரைக்கும் நின்றது. நீங்கள் சேர்ந்ததும்தான் மெதுவாக இறங்கியது. உங்கள் சுருதி அங்கே கீழேதான் போகிறது. கையும் அதோடேயே கீழே போயிற்று, ஒரு தடவைகூட மேலே இழுக்கவில்லை.

என்னால் பார்க்க முடிந்ததை எழுதிவிட்டேன். அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியது நீங்கள்.

அன்று கிண்ணம் காலி. மறுநாளும் காலி. இத்தோடு கடிதத்தை முடிக்கத்தான் எனக்கு ஆசை.

மூன்றாம் நாள் பாட்டு முடிந்ததும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் யாரும் இல்லை என்றேன். நான்காம் நாள் பாட்டு தொடங்கியதுமே வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், வாய் மூடிக்கொண்டது. குரல் வந்துவிட்டதே, ஆள் எங்கே என்று நினைக்கிறார் போலிருக்கிறது. சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். பெட்டிக்குள் இருக்கிற குரல் என்று நான் எப்படிப் புரியவைப்பேன்? நேற்றிலிருந்து தண்ணீரும் உதட்டோரம் வழிந்துவிடுகிறது. தூக்கி உட்கார வைத்தால் ஒரு கூடைத் துணியைத் தூக்குகிற மாதிரிதான் கனக்கிறார்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வண்டி வரும். குழாய் போடுவார்கள், கையைக் கட்டுவார்கள். சின்ன டாக்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இனிமே காத்திருக்க முடியாதும்மா" என்றார். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

இதற்கு மேல் கேட்காதே என்று எழுதியிருந்தீர்கள். கேட்கிறேன். பாட வேண்டாம், அண்ணி. மன்னிக்க வேண்டாம். இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். அந்த வாசலில் வந்து ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவர் பார்க்கட்டும்.

நீங்கள் வராவிட்டாலும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய். இருக்கும். சாகிற வரைக்கும் இருக்கும். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

கணக்குப்பிள்ளை

*

ஞாயிறு, பஸ்ஸில்

அடியே,

எழுத்து கோணல் மாணலாக இருந்தால் அது ரோட்டின் குற்றம். எனக்கு ஜன்னலோர சீட்டுக் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கிழவர் என் தோளைத் தலையணையாக்கிக்கொண்டு தூங்குகிறார். தட்டிவிட மனசில்லை, அதனால் ஒரு கையை மட்டும் ஆட்டி எழுதுகிறேன்.

உன் கூரியர் நேற்றுத்தான் வந்தது. நீ பார்த்ததை எழுதியிருக்கிறாயே, கை நின்றது என்று, அந்த இடத்தை விரிப்பு அறையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மெஷின்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். லீவு கேட்டேன். மேலதிகாரி, "கிறிஸ்மஸுக்கு எல்லாருமே லீவு கேட்டா யார்மா துவைக்கிறது?" என்றார். நீங்களே துவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போனால் வேலை இருக்குமோ என்னவோ. அதைப் பிறகு பார்க்கலாம்.

நான் வந்து நின்றால் அவன் சாப்பிடுவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உன் மாதிரி எனக்கு ஜெபமும் வரவில்லை. வழியில் முயன்று பார்த்தேன். "இன்னும் ஒரு நாள் தாரும்" என்பதற்கு மேல் ஓடவில்லை. உனக்குத்தான் அங்கே பழக்கம். இது எண்ணிக்கையில் சேருமா என்று நீயே கேட்டுச் சொல்.

ஒன்று மட்டும் தெரியும். அவனைக் கட்டிப்போடுவதற்கு முன்னால் அந்தக் கையை நான் பிடிக்க வேண்டும். அது எனக்காக நின்ற கை. எத்தனை வருஷம் தாமதமாக நின்றால் என்ன, நின்றதா இல்லையா? அவனிடம் சொல்ல எனக்கு ஏராளம் இருந்தது. திட்டுவதற்கென்று வார்த்தைகளைத் தினம் ஒன்றாகச் சேர்த்து அடுக்கி வைத்திருந்தேன். பஸ் ஏறும்போது பார்த்தால் ஒன்றையும் காணோம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. என் கையாலேயே கொண்டு வருகிறேன். வந்து இறங்கும்போது சாயங்காலக் கஞ்சி நேரமாக இருக்கும். நீ கதவைத் திறந்ததும் "அண்ணி" என்று கத்திவிடாதே. என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிடாதே. நானும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினால் அவன் காதில் விழுந்துவிடும். அவன் முதலில் கேட்க வேண்டியது பேச்சு இல்லை. அதனால்தான் சொல்ல வேண்டியதையெல்லாம் இதில் எழுதிக்கொண்டு வருகிறேன். வாசலிலேயே நின்று, உதடு அசையாமல் படி.

போனை அணைத்து வை. அவன் கண் வாசலில்தான் இருக்கும் என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும்.

படித்து முடித்துவிட்டாயா? கிண்ணத்தை என் கையில் கொடு.